டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் இழுவை கூட்ட: போர்ட் டைமிங்கை அளந்து மாற்றும் வழி

மேட்டில் மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி மூச்சு வாங்குகிறது, இரண்டாவதற்கு இறக்கினால் கத்துகிறது. இதுதான் என் ஸ்கூட்டரில் இருந்த குறை. ஒரு பட்டறையில் கேட்டேன். "எக்ஸாஸ்ட் போர்ட்டை மூன்று மில்லி மேலே ஏற்றினால் போதும்" என்றார்கள். போர்ட் என்பது சிலிண்டர் சுவரில் உள்ள துளை, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக எரிந்த வாயு வெளியேறும், அது எப்போது திறந்து எப்போது மூடுகிறது என்பதுதான் போர்ட் டைமிங். அதன் மேல் விளிம்பை உரசி ஏற்றினோம். சமதளத்தில் கடைசி வேகம் கொஞ்சம் கூடியது. மேட்டில் முன்பு திணறியாவது ஏறிய வண்டி, இப்போது ஏறவே மறுத்தது. வேலை தொடங்குவதற்கு முன்பு இருந்த அளவு எதையும் நான் எழுதி வைக்கவில்லை. அதனால் எதைக் கெடுத்தோம் என்றே தெரியாமல் பல வாரங்கள் போயின.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டு சரிசெய்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டியது கடைசி வேகம் அல்ல, இழுவைதான் என்றால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள்: அரம் எடுப்பது இந்த வேலையின் கடைசிக் கட்டம். அதற்கு முன்பு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

1. மூன்று எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும், கொஞ்சம் கழித்து, பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையிலிருந்து புதுக் கலவையை மேலே கொண்டுவரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் திறக்கும். கிராங்கின் ஒரு சுற்றில், அதாவது 360 டிகிரியில், எக்ஸாஸ்ட் எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பது முதல் எண். டிரான்ஸ்ஃபர் எத்தனை டிகிரி என்பது இரண்டாவது. இரண்டின் வித்தியாசத்தில் பாதிதான் மூன்றாவது எண், ப்ளோடவுன். எக்ஸாஸ்ட் 160, டிரான்ஸ்ஃபர் 115 என்றால் ப்ளோடவுன் 22.5 டிகிரி.

சிலிண்டரில் எரிந்த வாயுவின் அழுத்தம் இறங்குவதற்குக் கிடைக்கும் அவகாசம்தான் ப்ளோடவுன். அது போதாவிட்டால், டிரான்ஸ்ஃபர் திறந்ததும் எரிந்த வாயு கிராங்க் அறைக்குள் திரும்பிப் பாயும், புதுக் கலவை கெடும். தேவைக்கு மேல் இருந்தால், பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருக்கும் அழுத்தத்தைப் பாதி வழியிலேயே வெளியே விட்டுவிடுகிறோம் என்று பொருள். இன்னொன்றும் உண்டு. பிஸ்டன் மேலே ஏறும்போது எக்ஸாஸ்ட் மூடிய பிறகுதான் உண்மையான அமுக்கம் தொடங்குகிறது. போர்ட் உயரமாக இருந்தால் அது தாமதமாக மூடும், குறைந்த சுற்றில் சிலிண்டர் முழுதாக நிறையாது. என் வண்டி மேட்டில் படுத்ததற்குக் காரணம் இதுதான்.

சாதாரண சாலை ஸ்கூட்டரில், கம்பெனி சைலன்சரோ அதற்கு நெருக்கமான ஒன்றோ இருந்தால், இழுவைக்கு நான் குறி வைக்கும் எல்லை இது: எக்ஸாஸ்ட் 160 முதல் 170 வரை, டிரான்ஸ்ஃபர் 115 முதல் 122 வரை, ப்ளோடவுன் 22 முதல் 26 வரை. பந்தய எஞ்சினில் எக்ஸாஸ்ட் 185, 190 என்று போகும். அந்த எண்ணைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதற்கேற்ற சைலன்சர், கார்புரேட்டர், கியர் விகிதம் எல்லாம் இல்லாமல் அது வேலைக்கு ஆகாது.

2. காகித வேலை

இதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள், தாண்டாதீர்கள். எஞ்சினை மாற்றினால் வண்டியின் பதிவு, காப்பீடு, புகைச் சோதனை ஆகியவற்றுக்கு என்ன ஆகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். சிலிண்டர் கொள்ளளவு மாறாத வேலைக்கும் கொள்ளளவு கூடும் வேலைக்கும் விதி ஒன்றாக இருக்காது. காப்பீட்டுத் தாளில் மாற்றங்கள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது எஞ்சின் குறிப்பு. சர்வீஸ் கையேட்டிலிருந்து போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளம், இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), நட்டுகளின் முறுக்கு அளவு ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ராடின் நீளம் என்பது இரண்டு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். உதாரணமாக, வெஸ்பா பிஎக்ஸ் 150 எஞ்சினில் போர் 57.8 மி.மீ., ஸ்ட்ரோக் 57 மி.மீ., ராடு 105 மி.மீ. கீழே நான் தரும் கணக்கெல்லாம் இந்த ஸ்ட்ரோக்குக்கும் ராடுக்கும்தான். உங்கள் எஞ்சின் வேறு என்றால் எண்கள் மாறும், முறை மாறாது.

மூன்றாவது காகிதம்தான் எனக்குப் பிடித்தது: போர்ட் வரைபடம். சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, உள்ளே ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி ஒட்டினாற்போல் வையுங்கள். போர்ட் விளிம்புகள் மேல் விரலால் அழுத்தி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எல்லாப் போர்ட்டும் அப்படியே பதியும். தாளின் மேல் விளிம்பு சிலிண்டரின் மேல் விளிம்போடு சரியாக நிற்க வேண்டும். தேதி போட்டு வையுங்கள். நான் இதைச் செய்திருந்தால் அந்த மூன்று மில்லி எங்கிருந்து எங்கே போனது என்று அன்றே தெரிந்திருக்கும்.

3. கருவி, செலவு, நேரம்

டிகிரி தட்டு வேண்டும். 360 டிகிரி வட்டத்தைத் தாளில் அச்சடித்து, அலுமினியத் தகட்டிலோ கெட்டி அட்டையிலோ ஒட்டினாலே போதும். தட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு துல்லியம், 20 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல் பாருங்கள். முள்ளுக்கு ஒரு கம்பித் துண்டு. வெர்னியர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), சின்ன டார்ச், சால்டர் கம்பி, மார்க்கர் பேனா. பிஸ்டன் தடுப்பை நீங்களே செய்யலாம். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதன் இரும்புக் கூட்டில் முனை உருட்டிய பித்தளை போல்ட் ஒன்றைப் பொருத்தினால் ஆயிற்று.

பெரிய செலவு மூன்று இடத்தில் வரும்: லேத் வேலை, புதிய பிஸ்டன் ரிங்குகள், டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்கான வளைதலைக் கிரைண்டர். கிரைண்டரை வாங்குவதை விட வாடகைக்கோ இரவலாகவோ எடுப்பது நல்லது. எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு கெட்டுப்போன சிலிண்டர். முடிந்தால் பழைய சிலிண்டர் ஒன்றைத் தேடி வாங்கி அதில் வேலை செய்யுங்கள். ஓடுகிற சிலிண்டர் தொடப்படாமல் இருந்தால் வேலை தவறினாலும் வண்டி நிற்காது.

நேரத்துக்கு வருவோம். கழற்றவும் அளக்கவும் ஒரு முழு நாள். கணக்குப் போடவும் யோசிக்கவும் இன்னொரு நாள், அந்த நாளில் எதையும் தொடாதீர்கள். லேத்தில் எத்தனை நாள் ஆகும் என்பது அவர்கள் கையில். அரம் பிடிப்பது ஐந்தாறு மணி நேரம். எல்லாவற்றையும் சேர்த்து, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைச் சரிபார்க்க இரண்டு நாள். ஒரே வார இறுதியில் முடிக்க நினைத்தால் அளவெடுப்பதில்தான் அவசரம் காட்டுவீர்கள்.

4. உச்சிப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள்

பிஸ்டன் ஏறி நிற்கும் உச்சியை, பட்டறை மொழியில் டிடிசியை, கண்ணால் குறிக்க முடியாது. உச்சியிலிருந்து 5 டிகிரி தள்ளியிருந்தாலும் பிஸ்டன் வெறும் 0.14 மி.மீ. தான் இறங்கியிருக்கும். "மேலே வந்துவிட்டது" என்று கண் சொல்லும், தட்டு 5 டிகிரி தப்பாக நிற்கும்.

ஆகவே, தடுப்பு முறையைப் பின்பற்றுங்கள். டிகிரி தட்டை மேக்னெட்டில், அதாவது கிராங்கின் முனையில் சுற்றும் காந்தச் சக்கரத்தில், நடுவாகப் பொருத்துங்கள். பிஸ்டன் உச்சிக்கு முன்பே முட்டி நிற்கும்படி தடுப்பை பிளக் துளையில் மாட்டுங்கள். மேக்னெட்டை மெதுவாக ஒரு பக்கம் சுற்றி, முட்டும் இடத்தின் டிகிரியைக் குறியுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி, மறுபடி முட்டும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் சரிபாதியில் இருப்பதுதான் டிடிசி. முள்ளை அசைக்காமல் தட்டை மட்டும் திருப்பி, அந்த இடத்தில் பூஜ்யம் வரச் செய்யுங்கள். மறுபடி இரண்டு பக்கமும் முட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும். வரும்வரை திருத்துங்கள். இந்த ஒரு படியில் சோம்பினால் மற்ற அளவுகள் எல்லாமே வீண்.

5. திறப்பை அளப்பது

இப்போது சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டட்டுகளில் குழாய்த் துண்டுகளைப் போட்டு நட்டை இறுக்கி, சிலிண்டர் அசையாமல் அமர வையுங்கள். அடியில் பேஸ் பேக்கிங் (சிலிண்டருக்கும் எஞ்சின் கூட்டுக்கும் நடுவில் வரும் தகடு) இருக்க வேண்டும், அதுவும் ஓட்டப்போகும் அதே பேக்கிங். பேக்கிங் இல்லாமல் அளந்துவிட்டுப் பிறகு போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

எக்ஸாஸ்ட் வாயில் டார்ச்சைக் காட்டி, மேலிருந்து பார்த்துக்கொண்டே மேக்னெட்டைச் சுற்றுங்கள். பிஸ்டன் விளிம்புக்கும் போர்ட்டின் மேல் விளிம்புக்கும் இடையே ஒளிக்கீற்று தெரியும் நொடியில் நிறுத்துங்கள். டிடிசிக்குப் பிறகு எத்தனை டிகிரி என்று படியுங்கள். அதை 180-லிருந்து கழித்து இரண்டால் பெருக்கினால் மொத்தத் திறப்பு. 100 டிகிரியில் திறந்தால் மொத்தம் 160. மூடும் இடத்தையும் பார்த்துச் சரிபாருங்கள்.

டிரான்ஸ்ஃபருக்கு ஒளி எட்டாது. மெல்லிய ஃபீலர் தகட்டை விளிம்பில் செருகிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் அதே தகடு. எல்லா டிரான்ஸ்ஃபர் போர்ட்டையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். வார்ப்பில் வந்த சிலிண்டரில் இடதும் வலதும் ஒன்றாக இல்லாதது சகஜம். ஒன்று முந்தித் திறந்தால் கலவை ஒருபக்கமாகச் சாய்ந்து நேராக எக்ஸாஸ்ட் வழியே ஓடிவிடும்.

6. மில்லிமீட்டரும் டிகிரியும்

என்னைக் காப்பாற்றியது இந்தப் படிதான், கொஞ்சம் நின்று படியுங்கள்.

57 ஸ்ட்ரோக், 105 ராடு எஞ்சினில் 160 டிகிரி எக்ஸாஸ்ட் என்றால், போர்ட்டின் மேல் விளிம்பு உச்சியில் நிற்கும் பிஸ்டன் விளிம்பிலிருந்து 37.3 மி.மீ. கீழே இருக்கிறது. 170 டிகிரிக்கு 34.9 மி.மீ. அதாவது, அந்த உயரத்தில் 1 மி.மீ. மாற்றினால் மொத்தத் திறப்பு சுமார் 4.2 டிகிரி மாறும். டிரான்ஸ்ஃபர் இருக்கும் உயரத்திலோ பிஸ்டன் வேகம் தணிந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. 115 டிகிரிக்கு 46.6 மி.மீ., 120-க்கு 45.7 மி.மீ. அங்கே 1 மி.மீ. என்பது சுமார் 5.5 டிகிரி.

இதிலிருந்து கிடைப்பதுதான் முக்கியம். பேஸ் பேக்கிங்கைத் தடிமனாக்கி சிலிண்டரை உயர்த்தினால் டிரான்ஸ்ஃபர் அதிகமாகவும் எக்ஸாஸ்ட் குறைவாகவும் கூடும், ப்ளோடவுன் சுருங்கும். சிலிண்டரைத் தாழ்த்தினால் இரண்டும் குறையும், ப்ளோடவுன் சற்று விரியும். உரசி எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. ஆனால் சிலிண்டரைத் தாழ்த்துவது, அந்த இரும்பைத் திரும்ப வைத்ததற்குச் சமமான வேலையைச் செய்கிறது.

என் சிலிண்டர் ஆரம்பத்தில் ஏறக்குறைய 160/115, அதாவது எக்ஸாஸ்ட் 160, டிரான்ஸ்ஃபர் 115. மூன்று மில்லி ஏற்றியதும் எக்ஸாஸ்ட் 172 தாண்டி, ப்ளோடவுன் கிட்டத்தட்ட 29 ஆகிவிட்டது. லேத்தில் அடிப்பகுதியை 1 மி.மீ. கடைந்தேன். எக்ஸாஸ்ட் 168-க்கு இறங்கியது, டிரான்ஸ்ஃபர் 109-க்குப் போய்விட்டது. பிறகு டிரான்ஸ்ஃபரின் மேல் விளிம்பான கூரையை மட்டும் 1.5 மி.மீ. உயர்த்தினேன். 168/118, ப்ளோடவுன் 25. கெடுத்த அதே சிலிண்டர்தான், கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்ததை விட நன்றாக இழுக்கத் தொடங்கியது.

நீண்ட ஸ்ட்ரோக் கிராங்க் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 57-க்குப் பதில் 60 போட்டால் பிஸ்டன் மேலே 1.5, கீழே 1.5 மி.மீ. கூடுதலாகப் போகும். பிஸ்டன் ஹெட்டில் முட்டாமல் இருக்க 1.5 மி.மீ. கூடுதல் பேக்கிங் வேண்டும், அதை ஹெட்டுக்கு அடியில் வைத்தால் 160/115 என்பது ஏறத்தாழ 163/121 ஆகும். சிலிண்டருக்கு அடியில் வைத்தால் 169/128 ஆகிவிடும். இழுவைக்காகத்தான் அந்தக் கிராங்கை வாங்குகிறீர்கள் என்றால் ஹெட்டுக்கு அடியில் வைப்பதே சரி. இரண்டிலும் ப்ளோடவுன் 21-க்கோ அதற்கும் கீழோ இறங்கும் என்பதால் எக்ஸாஸ்ட்டைக் கொஞ்சம் உயர்த்த வேண்டி வரும்.

7. தாழ்த்தும் முன் நான்கு சோதனை

சிலிண்டரைத் தாழ்த்தினால் கூடவே வரும் விளைவுகள் இவை. உச்சியில் பிஸ்டன் சிலிண்டர் விளிம்பைத் தாண்டி வெளியே வருகிறதா? உச்சியில் பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடை எக்ஸாஸ்ட் போர்ட்டின் தரைக்கு (கீழ் விளிம்புக்கு) மேலே ஏறிவிடுகிறதா? ஏறினால் கிராங்க் அறை நேராக சைலன்சரோடு சேர்ந்துகொள்ளும், வண்டி ஓடவே ஓடாது. மூன்றாவது, அடியில் பிஸ்டன் போர்ட் தரைகளை எவ்வளவு மறைக்கிறது? கொஞ்சம் மறைத்தால் தரையைச் சீவிச் சமன் செய்யலாம், ஆனால் எக்ஸாஸ்ட் தரையைச் சீவும் முன் பாவாடைச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

நான்காவது, கலவை உள்ளே வரும் வழியான இன்டேக்கைப் பிஸ்டனே திறந்து மூடும் எஞ்சின்களுக்கு மட்டும். அதில் சிலிண்டரைத் தாழ்த்தினால் இன்டேக் திறப்பு கூடிவிடும், குறைந்த சுற்றில் கார்புரேட்டர் கலவையைத் திருப்பித் துப்பும். கிராங்க் வட்டு திறந்து மூடும் ரோட்டரி வகையில் இந்தக் கவலை இல்லை. அதில் இழுவைக்காக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கிராங்கை வெட்டாதீர்கள். இன்டேக் டிடிசிக்குப் பிறகு 65 டிகிரியைத் தாண்டி மூடினால் மேட்டில் துப்பல் நிச்சயம். வட்டு ஒட்டினாற்போல் ஓடும் மேடையில் கீறல் விழுந்தாலும் இதே கதிதான், அந்த மேடையைத் தொடவே தொடாதீர்கள். மெல்லிய நாக்குத் தகடுகள் இன்டேக்கைத் திறந்து மூடும் ரீட் வால்வு எஞ்சினுக்கு இந்தப் பத்தியே வேண்டாம்.

8. அரம் பிடிப்பது

எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு வெளியிலிருந்தே கை போகும், டிரான்ஸ்ஃபருக்குப் போகாது. எல்லாரும் எக்ஸாஸ்ட்டையே உரசுவதற்கு உண்மைக் காரணம் இந்தச் சுலபம்தான் என்பது என் எண்ணம். நீங்கள் கடினமான பக்கம் போங்கள்.

பிஸ்டனை வேண்டிய டிகிரியில் நிறுத்தி, அதன் விளிம்பை ஒட்டி மார்க்கர் பூசிய சுவரில் ஊசியால் கீறுங்கள். அந்தக் கீறலுக்கு அரை மி.மீ. முன்பே நிறுத்தி, கழுவி, பொருத்தி, மறுபடி டிகிரி பாருங்கள். மீதியைக் கையால் எடுங்கள். டிரான்ஸ்ஃபர் கூரையின் சாய்வை மாற்றாமல் அப்படியே மேலே கொண்டுபோங்கள். இடமும் வலமும் ஒரு டிகிரிக்குள் ஒத்துவர வேண்டும். பூச்சு போட்ட அலுமினிய சிலிண்டர் என்றால் கருவி போரிலிருந்து போர்ட்டுக்குள் போகும் திசையில் மட்டும் வெட்ட வேண்டும், எதிர்த்திசையில் போனால் பூச்சு பெயர்ந்துவிடும்.

எக்ஸாஸ்ட்டில் உயரத்தை விட்டுவிட்டு அகலத்தைக் கொஞ்சம் கூட்டுவது இழுவைக்குக் கேடில்லாமல் மூச்சைக் கூட்டும். அதற்கும் எல்லை உண்டு. நடுவில் பாலம் இல்லாத போர்ட்டில் நேர்கோட்டு அகலம் போரின் 62 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 57.8 போருக்கு அது 35.8 மி.மீ. மேல் விளிம்பு வளைவாக இருக்கட்டும், தட்டையாக இருந்தால் ரிங் மாட்டிக்கொள்ளும். ரிங்கின் வாயை நிறுத்தும் ஊசி எந்தப் போர்ட்டின் மீதும் ஓடாது என்பதை உறுதி செய்யுங்கள்.

கடைசியாக, எல்லா விளிம்பையும் மெல்லிய உப்புத்தாளால் மழுக்குங்கள். விரலை ஓட்டினால் எங்கும் பிடிக்கக் கூடாது. பிறகு சோப்பு நீரில் கழுவி, காயவைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். டிரான்ஸ்ஃபர் குழாய்களுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புத் தூள் ஒரு பொடி போதும், பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.

9. ஹெட் இடைவெளி

சிலிண்டரைத் தாழ்த்திய அளவுக்கு பிஸ்டன் ஹெட்டை நெருங்கியிருக்கும். சால்டர் கம்பித் துண்டுகளை, பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் பிஸ்டன் ஊசியின் நேர்கோட்டில் இரு ஓரங்களிலும் கிரீஸ் வைத்து ஒட்டி, ஹெட்டை முறையாக இறுக்கி, மேக்னெட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய முனையின் தடிமன்தான் இடைவெளி. வேறு இடத்தில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து தப்பான அளவு தரும். 1.2 முதல் 1.5 மி.மீ. வரை இருந்தால் எனக்கு நிம்மதி. 1 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள்.

அமுக்க விகிதமும் ஏறியிருக்கும். 57.8 போரில் 1 மி.மீ. என்பது 2.6 சிசி. உச்சியில் மீதி இடம் 21 சிசி இருந்து அது 18.4 ஆனால், விகிதம் 8.1-லிருந்து 9.1 ஆகிறது. இழுவைக்கு இது நல்லதுதான். 9.5-ஐத் தாண்டுமானால் ஹெட்டில் கொஞ்சம் கடைந்து இடம் விடுங்கள். காற்றில் குளிரும் எஞ்சின் முழு பாரத்தில் மேடு ஏறும்போது நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) வந்தால், சத்தம் கேட்கும் முன்பே பிஸ்டன் ஓட்டையாகிவிடும். இக்னிஷனைக் கையேட்டில் உள்ளதை விட முன்னுக்குத் தள்ளாதீர்கள்.

10. சேர்த்து, ஜெட் பார்த்து, ஓட்டிப் பார்ப்பது

புதிய ரிங், புதிய சர்க்லிப் (பிஸ்டன் ஊசி நழுவாமல் பிடிக்கும் வளையம்), புதிய பேக்கிங். பழைய சர்க்லிப்பை மறுபடி போட்டு மிச்சம் பிடிப்பதில் லாபமே இல்லை. மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாகப் போட்டுத் தொடங்குங்கள், புகைந்தாலும் பரவாயில்லை. முதல் 300 கி.மீ. முழு ஆக்ஸிலரேட்டரில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். அப்புறம் ஒவ்வோர் அளவாக ஜெட்டை இறக்கி, பாரத்தில் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு நிறம் வந்தால் நிறுத்துங்கள். வெளுத்தால் ஓர் அளவு திரும்பிப் போங்கள்.

இழுவை கூடியதா என்று உடம்பு உணர்வை வைத்துச் சொல்லாதீர்கள். சத்தம் மாறினாலே வேகம் கூடியது போலத் தோன்றும். வேலைக்கு முன்பே ஒரு மேட்டைத் தேர்ந்துவைத்து, அதே கியரில், அதே ஆள், அதே எரிபொருள் அளவோடு, மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து 50 வர எத்தனை விநாடி ஆகிறது என்று மூன்று முறை அளந்து நோட்டில் எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு அதே மேட்டில், ஏறக்குறைய அதே வெயிலில், மறுபடி மூன்று முறை. எஞ்சின் சூடேறிய பிறகு அளக்க வேண்டும், குளிர்ந்திருக்கும்போது அளந்தால் இரண்டு நாள் எண்களும் ஒப்பிட உதவாது. 500 கி.மீ. ஓடியதும் எஞ்சின் ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளை மறுபடி கையேட்டின் அளவுக்கு இறுக்கிவிட்டு, எக்ஸாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்து ரிங்கில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.